நீல நட்சத்திரம் வைப்பவள்

பிப்ரவரி 20

போர்ட் பிளேரிலிருந்து இன்று திரும்பிவிட்டோம். காது டாக்டரம்மா சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து, என்றைக்கெல்லாம் விட்டோம் என்று குறித்து வைக்கச் சொன்னார். அதற்காகத்தான் இந்த டைரி. கூட்டுறவுச் சங்கத்தில் சும்மா கொடுத்தது, சும்மாவே கிடந்தது.

மருந்து விட்டாயிற்று. அதை எழுத அரை வரி போதும். மிச்சப் பக்கத்தை வெறுமனே விட எனக்கு மனசு வரவில்லை.

என் வீட்டுக்காரருக்கு இடது காது தூத்துக்குடியில் சங்கு குளித்த காலத்திலேயே போய்விட்டது. இப்போது வலது காதில் சவ்வு ஓட்டையாகிச் சீழ் வைத்திருக்கிறது. அந்தக் காதிலும் கேட்பது குறைந்துவிட்டதாம். இரண்டு மாதம் தலை தண்ணீருக்குள் போகக் கூடாது, போனால் இருப்பதும் போய்விடும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இவர் தலையைத் தலையை ஆட்டினார். இவர் தலையாட்டுவதை நான் கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், அதனால் வாக்குறுதியைக் கப்பலிலேயே இன்னொரு தடவை வாங்கிக்கொண்டேன்.

தீவில் எல்லாருக்கும் அவர் மிக்கேல் அண்ணன். நான் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எங்கள் சாத்தூர்ப் பக்கம் அது வழக்கமில்லை.

பிப்ரவரி 22

சிக்கல் என்னவென்றால் நட்சத்திரம்.

அடியில் கண்ணாடி பதித்த எங்கள் சுற்றுலாப் படகில் ஏறுகிறவர்களுக்கு நீல நட்சத்திர மீன் கட்டாயம் காட்டுவோம் என்று பெயர். பவளப்பாறைக்கு நடுவில் வெள்ளை மணல் திட்டு ஒன்று இருக்கிறது. அதை நாங்கள் மேடை என்போம். காலையில் ஆட்கள் வருமுன் இவர் முங்கி, பாறைப் பக்கம் கிடக்கிற நட்சத்திரங்களை எடுத்து வந்து மேடையில் வைத்துவிடுவார். வெள்ளை மணலில் அந்த நீலம் பளிச்சென்று தெரியும். கண்ணாடி வழியாகப் பார்க்கிற சனம் அப்படியே குனிந்துவிடும். மறுநாள் காலைக்குள் அவை ஊர்ந்து பாறைக்கே போய்விடும். இவர் மறுபடி வைப்பார். இதுதான் தொழில் ரகசியம். எங்களுக்குப் போட்டியாக ஓடுகிற பிஸ்வாஸின் படகிலும் இதேதான் நடக்கிறது, ஆனால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

இவர் முங்காவிட்டால் மேடை காலி. மேடை காலியாக இருந்தால் இவர் எனக்குத் தெரியாமல் முங்கிவிடுவார். ஆகவே நான் இறங்குகிறேன் என்று சொன்னேன். சிரித்தார். வாளித் தண்ணீரில்கூட முகம் முக்காத ஊரில் பிறந்தவள் கடலுக்குள் போகிறாளாம். சிரித்துக்கொள்ளட்டும்.

பிப்ரவரி 25

கடல் குடித்தேன். வயிறு நிறைய. மருந்து விட்டேன்.

மார்ச் 2

இன்று முதல் நட்சத்திரத்தைத் தொட்டேன்.

முகத்தில் மாஸ்க், வாயில் குழாய். நைட்டிக்கு மேல் இவருடைய பழைய டீசர்ட். அண்ணன் அமலதாஸ் பார்த்தால் சாத்தூரில் தலைகாட்ட முடியாது என்பான். இவர் படகில் நின்று கையால் வழி காட்டினார். இடது, வலது, மெதுவாக, மூச்சை விடு. நான் இறங்கும்போது வேறு படகு எதுவும் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பு.

ஆழமில்லை, என் உயரத்தைவிடக் கொஞ்சம் அதிகம். பவள நொறுங்கல் மேல் அது கிடந்தது. ஐந்து கை, விரல் கனத்தில். இப்படி ஒரு நீலத்தைச் சேலையில் சாயம் ஏற்றியிருந்தால் நான் நம்பாமல் தேய்த்துப் பார்த்திருப்பேன். மெத்தென்று இருக்கும் என்று நினைத்தேன். காய்ந்த ரொட்டி மாதிரி சொரசொரவென்று இருந்தது. கல்லிலிருந்து பெயர்க்கும்போது விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டது. அடியில் பொடிப்பொடிக் கால்கள், அத்தனையும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. எனக்குச் சிரிப்பு வந்து, வாய்க்குள் தண்ணீர் போய்விட்டது.

படகு ஓட வேண்டும் என்பதற்காகத்தான் இதெல்லாம். வேறொன்றுமில்லை.

மார்ச் 6

ஒரு கையில் நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நீந்த எனக்கு வரவில்லை. அதனால் எல்லாவற்றையும் வாளியில் போட்டுப் படகில் ஏற்றி, மேடைக்கு நேராகப் போய் இறக்கிவிடுகிறேன். வழியில் படகைக் கரையில் நிறுத்தி இவர் டீசல் வாங்கப் போன நேரத்தில் ஒரு காரியம் செய்தேன். நட்சத்திரங்களின் முதுகில் பாசியும் மண்ணும் அப்பியிருந்தன. வீட்டிலிருந்து கொண்டுவந்த நல்ல தண்ணீரில் ஒவ்வொன்றாகக் கழுவி வைத்தேன். வெண்டைக்காய் கழுவுகிற கைக்கு இது ஒரு வேலையா. இன்று நீலம் இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. மீரட்டிலிருந்து வந்த ஒரு அம்மா கைதட்டினார்.

மார்ச் 9

மேடையில் வைத்தவை பாறைக்குத் திரும்பவில்லை. வைத்த இடத்திலேயே கிடந்தன. கைகள் துவண்டு, நீலத்தில் வெள்ளை வெள்ளையாகப் புண். சின்ன மீன்கள் வந்து கொத்தின. ஒன்றை எடுத்தேன். கை தனியாகக் கழன்று வந்தது.

அவரிடம் சொல்லவில்லை. புதிதாக வேறு தேடி வைத்தேன். கழுவாமல் வைத்தேன். காரணம் எனக்குத் தெரியாது என்று எழுத வந்தேன். தெரியும்.

மார்ச் 12

மருந்து விட்டேன். டிவியை இவர் இவ்வளவு சத்தமாக வைத்தால் அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள். குறைத்தால் மறுபடி ஏற்றுகிறார். வயசாக ஆகப் பிடிவாதம் கூடுகிறது.

மார்ச் 15

சாப்பிடும்போது, யாரோ கேட்டது போல, நட்சத்திர மீனை நல்ல தண்ணீரில் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அதற்கு உடம்புக்குள் ஓடுவதே கடல் தண்ணீர்தான், நல்ல தண்ணீர் அதற்கு விஷம் என்றார். மேலே தூக்கவே கூடாது, காற்றுப் பட்டாலே சிலது தாங்காது, தண்ணீருக்குள்ளேயே கொண்டுபோக வேண்டும் என்றார். ஒரு வலைப்பை கொடுத்தார், இடுப்பில் கட்டிக்கொள்ள.

செத்துப்போனவற்றைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. நட்சத்திரத்தைக் கழுவியே கொன்றவள் இந்தத் தீவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அழுகையாக வந்தது.

மார்ச் 21

இன்று வேலை முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் தண்ணீருக்குள்ளேயே இருந்தேன். கொஞ்ச நேரம் இல்லை, இவர் படகைத் தட்டிக் கூப்பிடுகிற வரைக்கும்.

நட்சத்திரம் சாப்பிடுவதைப் பார்த்தேன். அதற்கு வாய் அடியில். வயிற்றையே வெளியே எடுத்துக் கல் மேல் விரித்துவிடும் என்று இவர் சொல்லியிருந்தார். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, சும்மா கிடப்பதாகத்தான் தோன்றும். ஆனால் அது நகர்ந்து போன பிறகு கல்லில் ஒரு இடம் மட்டும் வெளுத்திருக்கும். அந்தக் கல்லில் படிந்திருக்கிற மெல்லிய பாசிதான் அதற்குச் சோறு. அப்படியானால் வெள்ளை மணலில் அதற்கு என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடைக்காது. நாங்கள் தினமும் காலையில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தவர்களை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்து வெறும் மண்டபத்தில் நிறுத்துகிறோம்.

இன்னொன்றும் பார்த்தேன். ஒற்றைக் கை தனியாகக் கிடந்தது. பெரிய கை. அதன் வெட்டுப்பட்ட முனையில் சின்னச் சின்னதாக நாலு கை முளைத்திருந்தது. கையைத் தொலைத்த மீனுக்குக் கை முளைத்தால் ஆச்சரியமில்லை. இது தொலைந்த கை, தனக்கு ஒரு மீனை முளைக்க வைத்துக்கொண்டிருக்கிறது. அவசரமே இல்லாமல். மேலே வந்து இவரிடம் மூச்சு விடாமல் சொன்னேன். "சரி, சாப்பிடலாம்" என்றார்.

மார்ச் 28

இனிமேல் படகில் விளக்கம் சொல்வதும் நானாம். இத்தனை வருஷமாக இவர்தான் சொல்வார். இவருடைய இந்திக்கென்றே கூட்டம் வரும். இப்போது மோட்டார் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறார். ஒரு பையன் இது ஆமையா என்று கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே ஆமாம் என்று தலையாட்டினார். அது கல்.

கடலுக்குள் போக முடியாத கோபத்தை என் மேல் காட்டுகிறார். எனக்குப் புரியாமல் இல்லை. அதற்காக வருகிறவர்களிடமுமா?

ஏப்ரல் 2

பெரிய வியாழன். கோயிலில் இவர் பாடினால் மற்றவர்கள் குரலைத் தணித்துக்கொள்வார்கள், அப்படி ஒரு குரல். இன்று முன்வரிசையில் நின்று பாடினார். பாட்டு முடிந்தது. எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். இவர் மட்டும் கடைசி அடியைத் தனியாகப் பாடிக்கொண்டிருந்தார். ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாமியார் காத்திருந்தார். எனக்கு முக்காட்டை முகம் வரை இழுத்துவிட்டுக்கொள்ளத் தோன்றியது. வீட்டுக்கு வருகிற வழியில் ஏன் இப்படி என்று கேட்டேன். முன்னால் நடந்துகொண்டே இருந்தார்.

ஏப்ரல் 8

இன்று கேட்டுவிட்டேன்.

பல நாளாக மனசில் வைத்திருந்தது. அவர் முகத்தைப் பார்த்துக் கேட்கிற தைரியம் எனக்கில்லை. குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் பின்னால் வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் பாத்திரத்தைப் பார்த்தபடியே சொன்னேன். உங்கள் காது சரியானாலும் நானே கடலில் இறங்கட்டுமா, எனக்கு அது பிடித்திருக்கிறது, இந்த வயசுக்கு எனக்கென்று ஒன்று பிடித்துப்போனது இதுதான் முதல் தடவை என்று சொன்னேன். இதைச் சொல்லும்போது அழுதுவிட்டேன். தோள் குலுங்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை.

திரும்பிப் பார்த்தால் அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகம் செத்துப்போயிருந்தது. வலையை அப்படியே போட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஏப்ரல் 9

பேசவில்லை. நானும். மருந்து மட்டும் விட்டேன்.

ஏப்ரல் 14

பக்கத்து வீடுகளில் சித்திரை விசேஷம், பாயசம் வந்தது. குடித்து முடிக்குமுன் இவர் ஒரு காகிதத்தை என் முன்னால் வைத்தார். சென்னைக்குக் கப்பல் டிக்கெட். ஒரு ஆளுக்கு. 25ஆம் தேதி.

"அண்ணன் வீட்டுக்குப் போய் இரு. அமலதாசுக்குச் செய்தி அனுப்பிட்டேன்."

எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். உனக்கு இஷ்டம் இருக்கிற வரைக்கும் இரு என்றார். கடலில் இறங்க ஆசைப்பட்டதற்கு இதுவா தண்டனை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன். பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தேன். அவருக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாக இறக்கினேன்.

ஏப்ரல் 16

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் படகெடுத்தோம். போவதற்குள் இன்னும் சில நாள் நட்சத்திரம் வைத்துவிட்டுப் போவோம் என்று இறங்கினேன். அழுதால் மாஸ்க்குக்குள் தண்ணீர் சேரும், ஆகவே அழவில்லை. இரண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு மூச்சுக்கு மேலே வந்தேன். வந்த கணத்தில் ஹாரன் சத்தம். ஒரு வேகப் படகு என்னை நோக்கி நேராக வருகிறது. ஓட்டுகிறவன் என்னைப் பார்த்துவிட்டான், ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் திருப்பப் பார்க்கிறான். எங்கள் படகு எனக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. அதில் இவர் எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நங்கூரக் கயிற்றின் சிக்கை எடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஊரே அலறுகிற மாதிரி அந்த ஹாரன் அலறியது. இவர் கயிற்றுச் சிக்கை எடுத்துக்கொண்டிருந்தார்.

வேகப் படகு என்னைத் தாண்டிப் போனது. அலை என்னைத் தூக்கி எங்கள் படகில் மோதியது. தோளில் அடி. அந்த ஆள் இந்தியில் கெட்ட வார்த்தையாகத் திட்டிக்கொண்டே போனான். படகு ஆடியதால் இவர் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அப்போதும் தூரத்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அவருக்கு நேர் பின்னால், கை எட்டுகிற தூரத்தில் இருந்தேன். "ஏங்க" என்றேன். இன்னொரு தடவை "ஏங்க" என்றேன். அதற்குப் பிறகு அவர் பெயரைச் சொன்னேன். மிக்கேல் என்று. எங்கள் வீட்டில் என் வாயிலிருந்து ஒரு நாளும் வராத சொல். கத்தித்தான் சொன்னேன். கரையில் இருந்தவர்களுக்கே கேட்டிருக்கும்.

அவர் திரும்பவில்லை.

டிவியும் கோயில் பாட்டும் அந்தக் கல் ஆமையும் ஒவ்வொன்றாக எனக்கு விளங்கியது. தண்ணீரில் மிதந்தபடியே விளங்கியது. ஏறிப் படகில் விழுந்தேன். அப்போதுதான் என்னைப் பார்த்தார். தோளில் ரத்தத்தைப் பார்த்தார். பிறகு தூரத்தில் போகிற படகைப் பார்த்தார். அவருக்கும் விளங்கிவிட்டது. அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

எப்போதிருந்து என்று அவர் முகத்தைப் பிடித்துத் திருப்பிக் கேட்டேன்.

"மார்ச்சுலயே குறைஞ்சுக்கிட்டு வந்துச்சு. இப்ப ஒண்ணும் இல்ல. நீ வாயசைக்கிறதப் பாத்துத்தான் பேசிக்கிட்டிருக்கேன், தெரசு."

தண்ணீரில் தலையை விட்டீர்களா என்று கேட்டேன். ஒரு நாள்கூட இல்லை என்று மாதா மேல் சத்தியம் செய்தார். நான் மருந்து விட்டு, காவல் காத்து, கடலிலேயே இறங்கிப் பத்திரமாக வைத்திருந்த காது, எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்குச் சொன்னால் படகை நிறுத்தச் சொல்லிவிடுவேன் என்று பயந்தாராம். "நீ உள்ள போனா நான் கண்ண எடுக்கிறதே இல்ல. கண்ணாலதான் காவல் காத்தேன். இன்னைக்கு ஒரு நிமிசம் குனிஞ்சேன்." அதைச் சொல்லும்போது வாய் கோணியது. அவர் அழுது நான் பார்த்ததில்லை.

பிறகு டிக்கெட் விஷயம். குழாயடியில் நான் முதுகைக் காட்டிக்கொண்டு பேசியதில் அவருக்கு ஒரு வார்த்தையும் எட்டவில்லை. தோள் குலுங்குவதை மட்டும் பார்த்திருக்கிறார். ஊருக்குப் போக வேண்டும், இந்த மனுஷனோடு இந்தத் தீவில் கிடக்க முடியவில்லை என்று நான் அழுகிறேன் என்று எடுத்துக்கொண்டார். அதைத் திருப்பிச் சொல் என்று கேட்டால் காது போனது தெரிந்துவிடும். அதனால் டிக்கெட் வாங்கிவிட்டார். இப்படி ஒரு மடையனை நான் எங்கே போய்ச் சொல்வேன். நானும் குறைச்சலில்லை. காது கேட்காதவரோடு ஒரு வாரம் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறேன்.

"அன்னைக்கு என்னதான் கேட்ட?" என்றார்.

அப்போது சொல்ல முடியவில்லை. அப்புறம் என்று கையைக் காட்டினேன். பையில் இருந்த நட்சத்திரங்களை எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டுக் கரைக்கு வந்தோம்.

ஏப்ரல் 20

போர்ட் பிளேர். டாக்டரம்மா வெகுநேரம் சோதித்தார். ஓட்டை ஆறிவிட்டது. ஆனால் புண் அதற்கு முன்பே உள்காது வரை போய் நரம்பைக் கெடுத்துவிட்டிருக்கிறது, கடல் காரணமில்லை என்றார். மெஷின் வைத்தால் கொஞ்சம் சத்தம் தெரியலாம், பேச்சாகக் கேட்பது சந்தேகம் என்றார். முன்னாடியே வந்திருக்கலாம் என்றும் சொன்னார். நாங்கள் இரண்டு பேருமே தலையைக் குனிந்துகொண்டோம்.

மருந்தை நிறுத்தச் சொல்லிவிட்டார். திரும்புகிற வழியில் கப்பலில், சென்னை டிக்கெட்டை ரத்து செய்யட்டுமா என்று இவர் கேட்டார். "என்ன சொன்னீங்க, காது கேக்கல" என்றேன். என் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டு, கப்பல் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்தார். எவ்வளவு சத்தமாகச் சிரிக்கிறோம் என்பது அவருக்கே தெரியவில்லை.

ஏப்ரல் 24

மேடைக்கு இனி நட்சத்திரம் வைப்பதில்லை என்று முடிவு செய்தோம். நான்தான் சொன்னேன். கழுவிக் கொன்ற கதையையும் அப்போதே சொன்னேன், நேருக்கு நேர் நின்று, ஒவ்வொரு சொல்லாக. அவருக்கு அது அன்றைக்கே தெரிந்திருந்தது. மேடையில் அவை செத்துக் கிடந்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாராம்.

பவள நொறுங்கல் மேல் தண்ணீர் குறைவு, கடல் வற்றுகிற நேரத்தில் போனால் படகு தட்டும். தண்ணீர் ஏறுகிற நேரத்தில் போகலாம். ஆகவே இனி எங்கள் படகு ஏற்றத்துக்குத் தக்கபடி கிளம்பும், ஒரு நாள் காலையில், ஒரு நாள் மத்தியானத்தில். இன்று போனோம். கட்டாயம் காட்டுவோம் என்று நான் சொல்லவில்லை, இங்கேதான் அவை இருக்கின்றன, தேடுங்கள் என்றேன். பிஸ்வாஸ் படகில் ஏறியிருக்கலாம் என்று ஒருவர் முணுமுணுத்தார். கொஞ்ச நேரம் எல்லாரும் கண்ணாடியில் மூக்கு ஒட்டக் குனிந்திருந்தார்கள். ஒரு பெண் முதலில் பார்த்தாள். பழுப்புக் கல்லின் இடுக்கில் பாதி மறைந்து, பாசி அப்பிய முதுகோடு, தன் சாப்பாட்டு வேளையில் கிடந்தது. இது ஏன் இவ்வளவு அழுக்காக இருக்கிறது என்று கேட்டாள். அதன் வீட்டில் அது அப்படித்தான் இருக்கும் என்றேன்.

ஆட்களை இறக்கிவிட்ட பிறகு படகை மறுபடி பாறைக்குக் கொண்டுபோகச் சொன்னேன். மோட்டாரை அணைத்தார். நான் அவர் முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்து, அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

"எனக்குக் கடல் பிடிச்சிருக்கு. இனிமே நானே இறங்கட்டுமா?"

உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெதுவாச் சொல்லு. இன்னொரு தடவ."

சொன்னேன்.

"இன்னொரு தடவ."

இந்தத் தடவை அவர் கண்ணில் சிரிப்பு தெரிந்தது. முதல் தடவையே அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் நான் மறுபடி சொன்னேன்.